அஃபிலியேட் வருமானம்: கமிஷன் சதவீதத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஒரு பொருளைப் பரிந்துரைத்து, உங்கள் லிங்க் வழியாக யாராவது அதை வாங்கினால் கடையிடமிருந்து கமிஷன் பெறுவதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங். இதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எதில் கமிஷன் அதிகம்?" என்றுதான். அமேசான் மாதிரியான கடைகளில் சில பொருள்களுக்கு ஓரிரு சதவீதம்தான் கிடைக்கும். வலைத்தளத்தை இணையத்தில் வைக்க இடம் தரும் வெப் ஹோஸ்டிங் சேவையை விற்றால் ஒரு ஆளுக்கே ஆயிரக்கணக்கில் வரும். ஆன்லைன் கோர்ஸ் விற்றால் விலையில் பாதிவரை தருகிறார்கள். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கோர்ஸ் முதலிடத்துக்கும் கடை லிங்க் கடைசி இடத்துக்கும் போய்விடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வேன்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. அமேசான் தன் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸை 1996 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. விற்றால் மட்டும் காசு, விற்காவிட்டால் கடைக்கு ஒரு பைசா செலவில்லை என்பதுதான் அன்று முதல் இன்று வரை அதன் அடிப்படை. சேர்வதற்குக் கட்டணம் இல்லாததும் இதனால்தான். "முதலீடே இல்லாத தொழில்" என்ற முதல் தப்புக் கணக்கும் இங்கிருந்துதான் பிறக்கிறது. விளம்பரம் எடுபடுமா எடுபடாதா என்ற அபாயத்தைக் கடை தன் தோளிலிருந்து இறக்கி உங்கள் தோளில் வைக்கிறது. நீங்கள் போடும் மாதக்கணக்கான உழைப்புதான் முதலீடு. அது திரும்பி வரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை.

சரி, ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

கடை லிங்க்: சில்லறைக் கமிஷன், ஆனால் வாங்க வந்த ஆள்

ஒரு டேபிள்டாப் வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். விலை 5,000 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் ஒரு விற்பனைக்கு 250 ரூபாய். உங்கள் ரிவியூவை ஆயிரம் பேர் பார்த்து, முப்பது பேர் லிங்கைத் தொட்டு, இரண்டு பேர் வாங்கினால் 500 ரூபாய். அதில் ஒருவர் கிரைண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டால் அந்த 250-ம் போய்விடும். அனுப்பிய பொருள் திரும்பி வந்தால் கமிஷனும் கழியும் என்பது பலருக்கு முதல் மாத அறிக்கையைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது.

இவ்வளவு சொற்பமாக இருந்தும் இதை ஏன் முதலில் வைக்கிறேன்? "2 லிட்டர் கிரைண்டர் நாலு பேருக்குப் போதுமா" என்று தேடி வருபவர் ஏற்கெனவே வாங்க முடிவு செய்துவிட்டவர். எதை வாங்குவது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். அவர் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. உளுந்து எவ்வளவு நேரத்தில் பொங்கி வருகிறது? மாவு நிறைந்த பாத்திரத்தை முதுகுவலி உள்ள அம்மாவால் தனியாகத் தூக்க முடியுமா? கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒட்டும் மாவைக் கழுவ எளிதா? காலை ஐந்தரைக்கு ஓட விட்டால் பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவாரா? நம் ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா? கம்பெனியின் விளம்பரப் பக்கத்தில் இதில் ஒன்றுக்கும் பதில் இருக்காது. இரண்டு வாரம் அந்தக் கிரைண்டரில் மாவாட்டியவரால் ஐந்துக்கும் பதில் சொல்ல முடியும். மோட்டார் வாட்டையும் டிரம் கொள்ளளவையும் கடைப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டி வைக்கும் ரிவியூ, வாசகர் ஏற்கெனவே படித்துவிட்ட ஒன்றைத்தான் திரும்பச் சொல்கிறது. அப்படி எழுதிவிட்டு லிங்க் வேலை செய்யவில்லை என்று வருத்தப்படுபவர்கள் ஏராளம்.

இதன் விதிகளைத் தொடங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அமேசானில் உங்கள் லிங்க் வழியாக வந்தவர் வாங்குவது 24 மணி நேரம்தான் உங்கள் பெயரில் சேரும். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால் ஆர்டர் செய்ய 90 நாள்வரை அவகாசம் உண்டு. அந்த 24 மணி நேரத்தில் அவர் கிரைண்டரை விட்டுவிட்டுக் குழந்தைக்கு டயப்பர் வாங்கினாலும் அது உங்கள் கணக்கில் வரும். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று தகுதியான விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். உங்கள் லிங்கில் நீங்களே வாங்கினால் கமிஷன் கிடையாது. "முதல் மூன்றை நாமே வாங்கிவிடலாம்" என்று திட்டம் போடுபவர்கள் கணக்கையே இழக்க நேரும்.

இந்த வழியின் நிஜமான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. சதவீதத்தைக் கடை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் அறைகலன், வீட்டுப் பராமரிப்புப் பொருள்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-க்கும், மளிகைக்கு 5-லிருந்து 1-க்கும் இறக்கியது. பல ஆண்டு உழைத்துக் கட்டிய தளங்களின் வருமானம் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது. ஒரே கடையை மட்டும் நம்பி முழுக் குடும்பச் செலவையும் அதில் ஏற்றக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஏப்ரல் ஒன்றே போதும்.

ஹோஸ்டிங், கிரெடிட் கார்டு, நிதிச் சேவைகள்: பெரிய தொகை, சிறிய கூட்டம்

இங்கே ஒரு விற்பனைக்கே கடை லிங்கில் பத்துப் பதினைந்து விற்பனைக்குக் கிடைப்பது வந்துவிடும். காரணம் எளிது. ஹோஸ்டிங் வாங்கியவர் ஆண்டுதோறும் புதுப்பிப்பார், கார்டு வாங்கியவர் பல ஆண்டுகள் பயன்படுத்துவார். அந்த நீண்டகால லாபத்திலிருந்து நிறுவனம் உங்களுக்கு முன்கூட்டியே ஒரு பங்கு தருகிறது.

சிக்கல் என்னவென்றால், தமிழில் படிக்கும் ஆயிரம் பேரில் ஹோஸ்டிங் தேவைப்படுபவர் எத்தனை பேர்? பெரும்பாலும் இன்னொரு அஃபிலியேட் தளம் தொடங்க நினைப்பவர்தான். அதே சின்னக் கூட்டத்தை நோக்கி எல்லோரும் ஒரே ஹோஸ்டிங்கை "சிறந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஆண்டுச் சலுகை விலையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது விலை பல மடங்காகும் என்பதைச் சொல்லாமல் விடுவது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது. சொன்னால் கமிஷன் போய்விடும் என்று பயம். ஆனால் அடுத்த ஆண்டு பில் வரும்போது அந்த வாசகர் யாரை நினைத்துக் கொதிப்பார்? பரிந்துரைத்தவரைத்தான்.

நிதிச் சேவைகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. "இந்தப் பங்கை வாங்குங்கள், இவ்வளவு லாபம் வரும், கணக்கு தொடங்க லிங்க் கீழே" என்ற பாணிக்கு இப்போது இடமில்லை. பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை சொல்பவர்கள், லாப உறுதி தருபவர்கள் ஆகியோருடன் தரகு நிறுவனங்கள் போன்றவை தொடர்பு வைக்கக் கூடாது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஆகஸ்டில் விதியே கொண்டுவந்துவிட்டது. துறை அறிவும் பதிவும் உள்ளவருக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். புதியவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கோர்ஸ் விற்கும் கோர்ஸ்: தவிர்க்க வேண்டியது

"அஃபிலியேட் மார்க்கெட்டிங் சொல்லித் தருகிறோம், கோர்ஸில் சேர்ந்ததும் அதே கோர்ஸை நீங்களும் விற்கலாம், பாதி உங்களுக்கு." வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் கல்லூரி மாணவர்களை அதிகம் பிடிப்பது இதுதான். பேருக்கு இது அஃபிலியேட். நடைமுறையில், சேர்வதற்குக் கட்டிய பணத்தை எடுக்க இன்னொருவரைச் சேர்க்க வேண்டும். அவர் மூன்றாவது ஆளைத் தேடுவார்.

இதற்கு வெளிநாட்டில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. மை ஆன்லைன் பிசினஸ் எஜுகேஷன் என்ற நிறுவனம் 49 டாலருக்கு "21 படிகளில் ஆன்லைன் வருமானம்" என்று ஆள் பிடித்தது. உள்ளே போனவர்களிடம் படிப்படியாக மேல்நிலை உறுப்பினர் திட்டங்களை விற்றது. உச்சத் திட்டம் ஏறக்குறைய 30,000 டாலர். போட்ட பணத்தை எடுக்க வழி? அதே உறுப்பினர் திட்டங்களை மற்றவர்களுக்கு விற்பது. 2018 ஜூனில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நீதிமன்றத்துக்குப் போய் இதை நிறுத்தியது. அதற்குள் மக்களிடமிருந்து 12.5 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருந்தார்கள் என்பது அந்த அமைப்பின் புகார்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லிருந்து இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றன, சேர்வதற்குக் கட்டணம் வாங்குவதையும் அனுமதிப்பதில்லை. கோர்ஸ் என்று ஒரு வீடியோத் தொகுப்பைக் கையில் கொடுத்துவிட்டால் இதிலிருந்து தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள்.

எந்தக் கோர்ஸ் நேர்மையானது என்று பிரித்தறிய நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இதைத் திரும்ப விற்கும் உரிமையை எடுத்துவிட்டால், பாடத்துக்காக மட்டும் இந்த விலை கொடுத்து யாராவது வாங்குவார்களா? வீடியோ எடிட்டிங், டேலி, ஆங்கிலப் பேச்சு போன்றவற்றுக்கு ஆம் என்று பதில் வரும். அவற்றுக்கு அஃபிலியேட்டாக இருப்பதில் தவறே இல்லை. "எப்படிச் சம்பாதிப்பது" என்ற கோர்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வராது. சேர்ந்தவர் முதலில் விற்பது தன் சித்தி மகனுக்கும் கல்லூரி நண்பனுக்கும்தான். பணம் போனதோடு சேர்ந்து அந்த உறவும் கசந்துவிடும் என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எங்கே போடுவது: டெலிகிராமா, யூடியூபா, வலைத்தளமா?

டெலிகிராம் டீல்ஸ் சேனல் சீக்கிரம் பலன் தரும். விலை இறங்கிய நிமிடத்தில் தகவல் போட்டால் உடனே வாங்குவார்கள், 24 மணி நேர வரம்பு ஒரு பிரச்சினையே ஆகாது. தீபாவளி விற்பனைக் காலத்தில் நன்றாகவே ஓடும். ஆனால் இது நாள் முழுக்கக் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் வேலை. நேற்றுப் போட்ட டீல் இன்று செத்துவிடும். ஒரு வாரம் ஊருக்குப் போனால் வருமானமும் நின்றுவிடும். வேலை தேடிக்கொண்டிருப்பவருக்குப் பரவாயில்லை, அலுவலகம் போகிறவருக்குச் சரிப்படாது.

தேடி வருபவருக்கான ரிவியூ மெதுவானது, ஆனால் தங்கும். இதைத்தான் "தூங்கும்போதும் காசு வரும்" என்று விற்கிறார்கள். அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. பழைய ரிவியூ பல மாதம் விற்றுக் கொடுக்கும். ஆனால் மாடல் நின்றுபோகும், லிங்க் உடையும், கூகுள் தன் தரவரிசையை மாற்றும். 2023, 2024-இல் வந்த கூகுள் மாற்றங்களில் பல சிறிய ரிவியூ தளங்கள் வாசகர்களைப் பெருமளவு இழந்தன. வாங்குபவர் கடைசியாக யாருடைய லிங்கைத் தொட்டாரோ அவருக்கே கமிஷன் என்ற முறையிலும் ஓட்டை உண்டு. பேபால் நிறுவனத்தின் ஹனி என்ற, கூப்பன் தேடித் தரும் பிரவுசர் நீட்சி, பணம் கட்டும் நேரத்தில் ரிவியூ செய்தவரின் லிங்க்குக்குப் பதில் தன்னுடையதை வைத்துக்கொண்டது என்று 2024 டிசம்பரில் எழுந்த குற்றச்சாட்டு வழக்குவரை போனது.

தமிழில் என்றால் நான் யூடியூபைத்தான் முதலில் சொல்வேன். கிரைண்டர் சத்தத்தையும் மாவின் பதத்தையும் எழுத்தில் காட்டுவதைவிடக் கேமராவில் காட்டுவது எளிது. 2024 அக்டோபரில் யூடியூப் ஷாப்பிங் அஃபிலியேட் திட்டம் ஃபிளிப்கார்ட், மிந்த்ராவுடன் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

யூடியூப் என்றதும் விளம்பர வருமானம் நினைவுக்கு வரும். முழு விளம்பரப் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை. வீடியோவுக்குக் கீழே நீங்களே போடும் கடை லிங்க்குக்கு அவ்வளவு பெரிய நுழைவு வரம்பு இல்லை. விளம்பரம் பார்வைக்குக் காசு தரும், அஃபிலியேட் வாங்கினால்தான் தரும். அதனால் நகைச்சுவை, செய்தி, அரசியல் பேசும் சேனல்களுக்கு லட்சம் பேர் இருந்தாலும் லிங்க் விற்காது. முந்நூறு பேர் பார்க்கும் தையல் மெஷின் ரிவியூவில் விற்கும். "முதலில் ஃபாலோயர் சேர்ப்போம், அப்புறம் விற்போம்" என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் வாங்க விரும்பாத கூட்டத்தைத்தான் சேர்த்து வைக்கிறார்கள்.

லிங்க்கில் கமிஷன் வருகிறது என்று சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள் என்ற பயமும் பலருக்கு உண்டு. சொல்வது கட்டாயம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பொருளால் உங்களுக்கு ஆதாயம் இருந்தால் அதைக் கண்ணில் படும்படி, வீடியோவாக இருந்தால் காட்சியிலும் பேச்சிலும் தெரிவிக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் பரிந்துரைக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய்வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை போகலாம். "இந்த லிங்கில் வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது" என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. அதே வீடியோவில் பொருளின் ஒரு குறையையும் சொல்லிப் பாருங்கள், மற்றதெல்லாம் எடுபடும்.

பணம் கைக்கு வரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். அமேசான் மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் அனுப்பும். தீபாவளிக்கு விற்றது பொங்கலையொட்டித்தான் கையில் கிடைக்கும். கமிஷனிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதத்துக்குப் பதில் 2 சதவீதம். வேறு பெரிய வருமானம் இல்லாதவர்கள் வரிக் கணக்கு தாக்கல் செய்தால் பிடித்த தொகையைத் திரும்பப் பெறலாம். பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் முதல் நாளே சரியாகக் கொடுத்துவிடுங்கள்.