525 மடங்கு என்று சொன்ன அட்டைப்பெட்டி

நான் வாங்கிய தொலைநோக்கியின் பெட்டியில், ஒரு பக்கத்தில் இளஞ்சிவப்பு நெபுலா (விண்வெளி வாயு மேகம்), மறுபக்கத்தில் சனியின் வளையம், நடுவே கொட்டை எழுத்தில் "525 மடங்கு". கணக்குப்படி அந்த எண் பொய்யில்லை. குவியத் தூரம் 700 மி.மீ.; கூட வருகிற மிகச் சிறிய கண்லென்ஸ் 4 மி.மீ. வகுத்தால் 175. அதில், உருப்பெருக்கத்தைக் கூட்டுகிற 3 மடங்கு பார்லோ லென்ஸையும் செருகினால் 525. ஆனால் முன்லென்ஸின் விட்டம் வெறும் 70 மி.மீ. விட்டம் எத்தனை மி.மீட்டரோ, உருப்பெருக்கம் அதைப் போல இரண்டு மடங்கு வரைதான் உதவும் என்பது வானம் பார்ப்பவர்களின் தோராயக் கணக்கு. ஆக, 140. அதற்கு மேல் போனால் மங்கலைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறோம். ஒரே ஒரு இரவு 525இல் நிலாவைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ நடுங்கியது, அவ்வளவுதான்.

நான் கல்லூரி முதலாண்டு. புவி அறிவியலும் வானியலும் சேர்ந்து ஒரே தாளாக வருகிறது. முதல் தேர்வுவரை எல்லாம் மனப்பாடம்தான். பூமி தன் அச்சில் சுழல்கிறது, நிலவின் கரும்பகுதிகள் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை, வளிமண்டலத்தில் இத்தனை அடுக்கு. எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன், மறந்தேன். இந்தத் தொலைநோக்கியை ஐந்து மாதமாக வைத்திருக்கிறேன். வாங்க நினைக்கிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் குறை. முக்காலி மகா மோசம். கால்களை முழுக்க நீட்டினால், குவியத் திருகைத் தொட்டாலே பிம்பம் ஐந்தாறு நொடிக்கு ஆடும். மூச்சு விடக்கூடப் பயம். கால்களை நீட்டாமல் தாழ்வாக வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டுக்குக் கீழே மணல் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கும். தேடுகுழலை, அதாவது குறிபார்க்க மேலே பொருத்திய சின்னக் குழலை, பகலிலேயே தூரத்துக் கோபுரம் எதையாவது வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். முதல் இரவில் அதைச் செய்யாமல் முக்கால் மணி நேரம் வெறும் இருட்டைப் பார்த்தவள் நான். 25 மி.மீ., 10 மி.மீ. கண்லென்ஸ்கள் நன்றாக இருக்கின்றன. 28 மடங்கும் 70 மடங்கும் போதும். நிலாவின் விளிம்பில் லேசாக ஊதா நிறம் கசியும். இரண்டு லென்ஸை ஒட்டிச் செய்த முன்லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் சேர்க்காது. பழகிவிடும்.

பெட்டியில் எழுதாத ஒன்று தம்பியால் தெரிந்தது. 70 மடங்கில் நிலாவைச் சரியாக நடுவில் வைத்து அவனைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் "அக்கா, நிலா ஓடிப்போச்சு!" என்றான். ஆட்டிவிட்டான் என்று திட்டிவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி ஓடியது. நானே பார்த்தேன், என் கண்ணெதிரே நிலா ஓரமாக வழுக்கிக்கொண்டு போனது. குழாயை யாரும் தொடவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நகர்வது நாங்கள். 24 மணி நேரத்துக்கு 360 பாகை, மணிக்கு 15, நான்கு நிமிடத்துக்கு ஒன்று. இன்னொரு நாள் வியாழனைப் பார்வைவட்டத்தின் ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரம் போகிறவரை கைபேசியில் நேரம் எடுத்தேன். ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடம். அந்தக் கண்லென்ஸில் தெரிகிற வானம் முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவு. கணக்கு அப்படியே பொருந்தியது. பூமி சுழல்கிறது என்று எத்தனை வகுப்பில் எழுதியிருப்பேன்! அது இத்தனை வேகம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை.

நிலா பார்க்கப் பௌர்ணமிக்குக் காத்திருக்காதீர்கள். அரைநிலாவை ஒட்டிய நாட்களில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். ஒரு பெரிய பள்ளத்தின் சுவரை இடித்துக்கொண்டு சின்னப் பள்ளம் இருந்தால், சின்னதுதான் பிறகு விழுந்தது. பாறை அடுக்குகளில் எது முந்தியது என்று வகுப்பில் கண்டுபிடிக்கிறோமே, அதே தர்க்கம். பௌர்ணமிக்கும் ஒரு பயன் உண்டு. டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கீற்றுகள் வழியில் உள்ள எல்லாவற்றின் மேலும் ஏறிப் போவது அன்றுதான் நன்றாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பதால் டைக்கோ இளசு. இளசு என்றால் சுமார் 11 கோடி ஆண்டு.

ஆய்வகத்தில் கையில் வாங்கிப் பார்த்த பசால்ட் துண்டு எனக்கு அன்று வெறும் கறுப்புக் கல். 1969இல் அப்பல்லோ 11 நிலவின் கரும்பகுதிகளில் ஒன்றான அமைதிக் கடலிலிருந்து கொண்டுவந்த பசால்ட்டின் வயது 350 கோடி ஆண்டுக்கும் மேல். நம் கடலடித் தரையும் பசால்ட்தான், ஆனால் பெரும்பாலும் 20 கோடி ஆண்டைத் தாண்டாது. இங்கே புவியோட்டுத் தட்டுகள் நகர்ந்து பழைய தரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே அழிக்க ஆளில்லை. இது பாடத்தில் வேறு வேறு அலகுகளில் கிடந்தது. மாடியில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டும் ஒரே கேள்வி என்று பட்டது.

வியாழனின் நான்கு நிலாக்களும் 28 மடங்கிலேயே தெரியும். கலிலியோ 1610 ஜனவரி 7 அன்று முதலில் மூன்றைத்தான் கண்டார். நான்காவது சில நாள் கழித்தே அகப்பட்டது. நானும் பன்னிரண்டு இரவு நோட்டில் புள்ளி வைத்தேன். அவற்றில் ஒன்றான அயோ ஒரு சுற்றுக்கு 42 மணி நேரம்தான் எடுக்கும். ஒரே மாலையில் இடம் மாறுவதைப் பார்க்கலாம். வானத்தைக் காட்டும் மென்பொருளான ஸ்டெல்லேரியம் காட்டிய படத்தோடு ஒப்பிட்டால் என் படம் இடவலம் மாறி இருந்தது. இரண்டு நாள் குழம்பினேன். கண்லென்ஸுக்கு முன்னால் உள்ள சாய்வுக் கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டுகிறது! மென்பொருளிலும் படத்தைத் திருப்பிக்கொள்ள வசதி இருக்கிறது.

சனி ஏமாற்றம். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. அந்த ஆண்டின் கடைசியில் நான் பார்த்தபோதும் உருண்டையில் ஊசி குத்தியதுபோலத்தான். இதற்குத் தொலைநோக்கி பொறுப்பில்லை, வரும் ஆண்டுகளில் வளையம் விரிந்து தெரியும். ஓரியன் நெபுலா சாம்பல் புகை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. பெட்டிக்காரர் இளஞ்சிவப்பைக் கேமராவிடம் கடன் வாங்கியிருக்கிறார்.

வானம் தெளிவாக இருந்தும் சில நாள் வியாழன் கொதிநீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளியும். மேலே வெப்பநிலை மாறுபட்ட காற்று அடுக்குகள் கலப்பதால் வருவது அது. கருவியையும் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். குழாய்க்குள் சூடான காற்று இருந்தாலும் இதே கதைதான். அடிவானத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தப் பெட்டியில் கண்லென்ஸில் திருகும் கறுப்பு "சூரிய வடிகட்டி" ஒன்று இருந்தது. குவிந்த வெப்பம் நேராக அதன் மேல் விழும். விரிசல் விட்டால் பார்வை போய்விடும். நான் குப்பையில் போட்டேன். நீங்களும் போடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. குறைத்த ஒன்றரையும் முக்காலிக்கும் அந்த வடிகட்டிக்கும். கார்த்திகைக் கூட்டம் மாதிரி அகலமான காட்சிகள் மட்டும் போதுமென்றால் 10×50 பைனாகுலரே மேல். நிலாப் பள்ளங்களைத் துருவ வேண்டுமென்றால் இது.

3 மடங்கு பார்லோவைத் தம்பி எடுத்துக்கொண்டான், எறும்பு பார்ப்பதற்கு. அது குழிலென்ஸ்டா, எறும்பு இன்னும் சின்னதாகத்தான் தெரியும் என்றேன். அதற்காகத்தான் பார்க்கிறானாம்.