ஸ்ரீயில் இடறும் இன்னோடிபி

பழைய மைஎஸ்கியூஎல் டேற்றாபேஸை (அதன் சேமிப்பு இயந்திரம்தான் இன்னோடிபி) யூரிஎஃப்8எம்பி4-க்கு, அதாவது 4 பைற் வரை கொள்ளும் யூனிகோட் குறியாக்கத்துக்கு, மாற்றலாமோ என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாய் மாற்றுங்கோ. மாற்றினால் தமிழ்ப் பெயரெல்லாம் தேடினவுடன் அகப்படும் என்று மட்டும் நம்பவேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லவேணும். தமிழும் சிங்களமும் யூனிகோட் குறி ஒன்றுக்கு 3 பைற், ஆங்கிலம் 1 பைற். மூன்றும் ஒரே நிரலில் (கொலம்) சண்டையில்லாமல் கிடக்கும். பழைய 3 பைற் 'யூரிஎஃப்8'-உம் இதைச் செய்தது. அதனால்தான் அதன் குறை யாருக்கும் தெரியவில்லை. ஒரு இமோஜியோ, 2019-இல் யூனிகோட்டில் சேர்ந்த முந்திரி, அரைக்காணிப் பின்னக் குறிகளோ வந்தால் 4 பைற் வேணும். கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ற் மோட்) அணைந்திருந்தால் அந்த இடத்தோடு எழுதினது அறுந்துவிடும், ஓர் எச்சரிக்கை மட்டும் மிஞ்சும்.

மாற்றமுன் உள்ளே கிடப்பது என்ன என்று பாருங்கோ. சாய்கோடு வைத்த ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாய்த் தெரிந்தால், லற்றின்1 என்ற பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்க நிரலில் யூனிகோட் பைற்றுகள் கிடக்கின்றன. நேரே மாற்றினால் இரட்டைக் குறியாக்கம் ஆகிவிடும். நிரலின் வகையை வார்சாரிலிருந்து (எழுத்து வகை) முதலில் வார்பைனரி (வெறும் பைற் வகை) ஆக்கி, பிறகு யூரிஎஃப்8எம்பி4 வார்சார் ஆக்கவேணும். கேள்விக்குறிகளாய்த் தெரிந்தால், வெளியே காட்டும் இணைப்பின் அமைப்பைச் சரிபாருங்கோ. சேமிப்பிலேயே கேள்விக்குறி என்றால் எழுத்து போனது போனதுதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது இன்னொரு சாதி: டேற்றாபேஸுக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. அதற்கு எழுத்து மாற்றும் மென்பொருள்தான் வேணும்.

இன்னோடிபியின் பழைய வரி வடிவத்தில் சுட்டிக்கு (தேடலுக்கான இன்டெக்ஸ்) 767 பைற் எல்லை. 255 எழுத்து கொண்ட நிரல் 191-இல் முட்டும். டைனமிக் வடிவத்தில் 3072 பைற், தொல்லையில்லை.

இனி என் எரிச்சலுக்கு வாறன். 'ஸ்ரீ'. ஸ-வில் தொடங்கி எழுதலாம், யூனிகோட் எண் 3000. 2005-இல் வந்த ஶ-விலும் தொடங்கலாம், எண் 2998. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்து, கண்ணால் பிரிக்கவே முடியாது. டேற்றாபேஸுக்கோ இரண்டு வேறு சொல். தனித்துவச் சுட்டி போட்டாலும் ஒரே ஸ்ரீதரன் இரண்டு தரம் பதிவாவார். ஒரு வடிவத்தில் தேடினால் மற்றவர் இல்லை என்று வரும். யாழ்ப்பாணத்துப் பெயர்ப் பட்டியலில் ஸ்ரீ எத்தனை என்று சொல்லவேண்டுமோ!

'கொ'வைக் கொம்பும் காலுமாய்ப் பிரித்து அடித்த சிக்கலை, சேமிக்கமுன் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒன்றாய்ச் சேர்க்கும் யூனிகோட் விதி) சீராக்கித் தீர்க்கலாம். மைஎஸ்கியூஎல்லில் அதற்குச் செயற்கூறு கிடையாது, செயலியில்தான் செய்யவேணும். ஸ்ரீக்கு அதுவும் உதவாது. யூனிகோட் கணக்கில் அவை சமமில்லை. ஆகவே இது இன்னோடிபியின் குற்றமில்லை. அது மேலே உள்ள சேவரின் ஒப்பீட்டு விதியைத்தான் கேட்கிறது.

செய்யக்கூடியது: பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரை ஒரு நிரலில் விடுங்கோ. ஶ்ரீயை ஸ்ரீ ஆக்கின வடிவத்தை, மைஎஸ்கியூஎல் 5.7-இலிருந்து உள்ள கணிப்பு நிரலாக (மற்ற நிரலிலிருந்து தானே கணித்து நிரப்பப்படுவது) பக்கத்தில் வைத்து, சுட்டியையும் தேடலையும் அதிலே போடுங்கோ. தேடுபவர் அடிக்கும் சொல்லையும் அதே மாற்றத்துக்கு உட்படுத்த மறக்கவேண்டாம்.

நியாயமாய் 10-க்கு 9 கொடுக்கவேண்டிய சாமான் இந்த யூரிஎஃப்8எம்பி4. இன்றைக்கு 6. ஸ்ரீதரன் இரண்டு பேராய் நிற்கும் மட்டும் கூட்டிப்போட மனம் வரவில்லை.