பவளத் துண்டுகளுக்குத் தனித்தொட்டியா, இணைத்தொட்டியா?

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு நாள் இந்த நிலைமை வரும். லெதர் என்ற மென்பவளம் (கல் போன்ற கூடு கட்டாத பவளம்) குடை போல விரிந்து, கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சம் விழாமல் மறைக்கும். பூப்போலக் கூட்டமாக வளரும் ஸோவாந்தஸ் பாறையை விட்டுக் கண்ணாடியில் ஏறத் தொடங்கும். வெட்டித்தான் ஆக வேண்டும். சரி, வெட்டிய துண்டுகளை எங்கே வைத்துத் தேற்றுவது?

வழி மூன்று உண்டு. பெரிய தொட்டிக்குள்ளேயே ஒரு தட்டை மாட்டி அதில் வைக்கலாம். பக்கத்தில் ஆழம் குறைந்த தொட்டி ஒன்றைப் போட்டு, பெரிய தொட்டியின் சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியோடு) குழாய் வழியாக இணைக்கலாம். அல்லது எதோடும் சேராத ஒரு சின்னத் தனித்தொட்டி வைக்கலாம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, ஒரு நாளில் தண்ணீர் எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான். வெட்டுப்பட்ட பவளம் முதலில் புண்ணை மூட வேண்டும், பிறகு பிளக்கை (துண்டை ஒட்டி வைக்கும் காம்புள்ள சின்ன அடிக்கல்லை) பற்றிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் வளரும். அந்த இரண்டு மூன்று வாரம் உப்பு, சூடு, காரத்தன்மை மூன்றும் அசையாமல் இருக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கும் இதற்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ உயிருள்ளதை எடுப்பது மட்டுமல்ல, கரை ஒதுங்கிய செத்த துண்டை வீட்டுக்குக் கொண்டு வருவதும் குற்றம். இங்கே சிங்கப்பூரிலும் கல் பவளங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். நான் சொல்வதெல்லாம், தொட்டியில் வளர்ந்ததை வெட்டித் தொட்டியிலேயே வளர்ப்பது பற்றி.

தட்டு மாட்டுவது

செலவே இல்லாத வழி. ட்யூப்லைட்டுக்கு மூடியாகப் போடும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் பலகை, எக் கிரேட் என்பார்கள், அதில் ஒரு துண்டை அறுத்துக் காந்தத்தில் மாட்டினால் தட்டு தயார். பிளக்கின் காம்பு அந்தக் கட்டங்களுக்குள் கச்சிதமாக உட்காரும். பவளம் பழகிய அதே தண்ணீர் என்பதால் அதற்கு மாற்றமே தெரியாது. எட்டுப் பத்துத் துண்டுகள் வரை இதுவே போதும். அதற்கு மேல் போனால் தட்டின் நிழல் கீழே விழும், நத்தைகள் துண்டுகளைத் தட்டிவிடும், புதிதாக ஒட்டியதை மீன் கொத்திப் பார்க்கும்.

இணைத்தொட்டி

தண்ணீர் மாறாமல் இருப்பதை மட்டும் பார்த்தால் இதுதான் முதல் இடம். என்னுடைய பெரிய தொட்டி 250 லிட்டர். 90-க்கு 45 செ.மீ. அளவில் ஆழம் குறைந்த தொட்டியை இணைத்தபோது மொத்தம் 330 லிட்டர் ஆனது. ஒரு நாளில் 2 லிட்டர் ஆவியாகிப் போனாலும் உப்பு ஆயிரத்தில் 35 பங்கிலிருந்து 35.2-க்குத்தான் ஏறும். கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எல்லாம் இரண்டுக்கும் பொது. பெரிய தொட்டியின் மீன்கள் போடும் கழிவு, துண்டுகளுக்கு உணவாகவும் ஆகிறது. அந்தக் காலத்தில் மான்டிபோரா என்ற கல் பவளத்தின் துண்டுகள் பிளக் முழுவதும் படர்ந்த வேகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் என் மனதை மாற்றின. ஒன்று, மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பது. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் சம்ப்பில் வந்து இறங்கும். 90-க்கு 45 பரப்பில் 2 செ.மீ. இறங்கினாலே 8 லிட்டர். பெரிய தொட்டியிலிருந்து வருவது தனி. சம்ப்பில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். தண்ணீர் திரும்பி வரும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்று புகுந்து தண்ணீர் பின்னோக்கி இறங்குவதை நிறுத்த, ஒரு சின்ன ஓட்டையும் போட்டிருக்க வேண்டும். அந்த ஓட்டையில் பாசி அடைத்திருந்த ஒரு நாள் எங்கள் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர்.

மற்றொன்று பூச்சி. வெளியிலிருந்து வந்த ஒரு ஸோவாந்தஸ் துண்டின் அடியில் நியூடிபிராங்க் என்ற உயிரியின் முட்டைகள் இருந்திருக்கின்றன. ஸோவாந்தஸையே தின்னும் இந்தச் சின்ன ஓடில்லாத நத்தை, தான் தின்ற பாலிப்பின் (கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு சின்னப் பூவின்) நிறத்தையே எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு எதிரே இருந்தாலும் தெரியாது. ஒரு மாதத்தில், நான்கு வருடமாக வளர்த்த பெரிய கூட்டம் மூடியது, திறக்கவே இல்லை. இணைத்தொட்டியில் எது வந்தாலும் இரண்டு பக்கமும் போகும். அந்தக் கூட்டம் போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

தனித்தொட்டி

நான் இப்போது வைத்திருப்பது 60-க்கு 45 செ.மீ., உயரம் 30. தண்ணீர் 24 செ.மீ. வரை, அதாவது சுமார் 65 லிட்டர். மணல் கிடையாது, அடியில் எக் கிரேட், ஓரத்தில் தண்ணீரை அசைத்துக்கொண்டே இருக்கும் ஒரு வேவ்மேக்கர், பெரிய தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பாறை. ஆழம் குறைவு என்பதால் மலிவான விளக்கே போதும், துண்டுகளை மேலிருந்து குனிந்து பார்க்கலாம், கை விட்டு எடுக்கலாம். பாறை பழையதாக இருந்ததால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சீக்கிரம் அடங்கின. எல்லாம் புதிதாகத் தொடங்குபவர்கள் நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

நிலைத்தன்மையில் இது இணைத்தொட்டிக்குப் பின்னால்தான். இங்கே 1 லிட்டர் ஆவியானாலே உப்பு 35-லிருந்து 35.5 ஆகும், அதுவும் ஒரே நாளில். மிதவை வைத்துத் தானாக நல்ல தண்ணீர் ஊற்றும் கருவி இல்லாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது என்பேன். வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

அடுத்த குறை பட்டினி. மீன் இல்லாத சுத்தமான தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். துண்டுகள் வெளிறிப்போகும். கூடவே குமிழி கோத்த பழுப்பு நிறச் சளி ஒன்று எல்லாவற்றின் மேலும் படரும், அது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். சுத்தம் செய்யச் செய்ய அதிகமாகும். என் தொட்டியில் இரண்டு மாதம் இதோடு போராடினேன்.

விடிவு கிடைத்தது மிக எளிய வழியில். பெரிய தொட்டியில் வாரம் 25 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். வெளியே எடுக்கும் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல், தனித்தொட்டியில் அதே அளவு எடுத்துவிட்டு அதில் ஊற்றினேன். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) அளவில் இருக்கும் தண்ணீர், உப்பும் காரத்தன்மையும் பவளத்துக்குப் பழக்கமானவை. குழாய் இல்லாமலே இணைத்தொட்டியின் பலன் பாதிக்கு மேல் கிடைக்கிறது. முக்கியமாக, தண்ணீர் ஒரு திசையில்தான் போகிறது. தனித்தொட்டியில் பூச்சி வந்தால் அது பெரிய தொட்டிக்குத் திரும்பி வர வழியில்லை. எந்தத் தொட்டிக்கு எந்தத் துடைக்கும் துணியும் இடுக்கியும் என்று மட்டும் பிரித்து வைத்தால் போதும். பெரிய தொட்டி உள்ளவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

பெரிய தொட்டியே இல்லாதவர்கள் வாரம் 6, 7 லிட்டர் புதிய உப்புக் கலவை மாற்றி, துண்டுகளுக்குக் கொஞ்சம் உணவு போட்டு வந்தால் போதும், ஆனால் மென்பவளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மஷ்ரூம், ஸோவாந்தஸ், கிரீன் ஸ்டார் பாலிப், லெதர் இவை கால்சியத்தை அதிகம் இழுக்காது. அக்ரோபோரா என்ற கல் பவளம் கூடு கட்டும் வேகத்தில் காரத்தன்மையைத் தினமும் இழுக்கும். 65 லிட்டரில் அந்த இறக்கத்தைத் துரத்திப் பிடிக்கத் தினமும் சோதனை, தினமும் மருந்து. கல் பவளம் வெட்டுகிறவர்களுக்குத் தட்டோ இணைத்தொட்டியோதான் சரி.

குழாய்த் தண்ணீரை மட்டும் நேராக ஊற்றாதீர்கள். சிங்கப்பூர்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன் என்ற கிருமிநாசினி, ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் போய்விடாது. தண்ணீரில் கரைந்திருப்பவற்றையும் நீக்கும் ஆர்.ஓ. டி.ஐ. வடிகட்டியில் எடுத்ததுதான் வேண்டும், உப்பு கலக்கவும் சரி, ஆவியானதை நிரப்பவும் சரி.

விசிறியா, சில்லரா

வெப்பமண்டலத்தில் இருக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய செலவு. 2024-ல் கடல் சூடேறியபோது சிங்கப்பூரைச் சுற்றியிருக்கும் பவளங்களே வெளுத்தன. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நின்றாலே போதும். 65 லிட்டர் எம்மாத்திரம்? மதியம் எங்கள் கூடத்தில் 31 டிகிரி இருக்கும்போது, நீர்மட்டத்தின் மேல் ஊதும் சின்ன விசிறி தண்ணீரை 28-க்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. மென்பவளத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறினால் விசிறியின் பலன் குறையும், வேலை செய்யும் நாட்களில் ஆவியாதலும் கூடும். சில்லர் 26-ல் அப்படியே பிடித்து வைக்கும்; பதிலுக்குச் சத்தம், மின் கட்டணம், அறைக்குள் தள்ளும் சூடு. மூடிய அலமாரிக்குள் சில்லரை வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்துத் திணறும். இணைத்தொட்டிக்கு ஒரே சில்லர் போதும் என்பது அதற்குப் பெரிய பலம். தனித்தொட்டியில் மென்பவளத்துக்கு நான் விசிறியோடு நிற்கிறேன்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீலம் தூக்கலான எல்.இ.டி. எது வாங்கினாலும் முதல் வாரம் பாதி வெளிச்சத்தில் ஓட்டுங்கள். அதிக வெளிச்சத்தில் வாடிப்போன துண்டுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெட்டும் இடத்தில் மட்டும் எந்த வழிக்கும் சலுகை இல்லை. ஸோவாந்தஸிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு, சமையலறைக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வெட்டுங்கள். அவை ஒட்டிய பாறையை வெந்நீர் ஊற்றியோ கொதிக்க வைத்தோ சுத்தம் செய்யவே கூடாது; ஆவியோடு நஞ்சும் மூச்சில் ஏறும். வெட்டிய துண்டைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, அடியைத் துடைத்து, ஜெல் வகை சூப்பர் க்ளூவில் பிளக்கில் அழுத்தி வைத்தால் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். என் தனித்தொட்டியில் ஆறு வாரம் இருந்து, அடியில் முட்டை எதுவும் இல்லை என்று கைவிளக்கால் பார்த்த பிறகுதான் ஒரு துண்டு பெரிய தொட்டிக்குப் போகிறது.