பிரைட் அண்ட் பிரிஜூடிஸ் இலவச மின்னூல்: 34ஆம் அத்தியாயத்துக்காகவே டவுன்லோட் செய்யுங்கள்

ஜேன் ஆஸ்டினின் இந்த நாவலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. காப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தரும் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் 1342 என்ற எண்ணில் இருக்கும் மின்னூலே போதும். நாவல் வெளிவந்தது 1813இல். இந்த மின்னூல் ஹியூ தாம்சனின் கோட்டோவியங்களோடு 1894இல் வந்த பதிப்பிலிருந்து எடுத்தது. தொடக்கத்தில் ஜார்ஜ் செயின்ட்ஸ்பரியின் நீளமான முன்னுரை இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடுங்கள், பாத்திரங்களைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் கதை முடிந்தபிறகு படித்துக்கொள்ளலாம்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 34ஆம் அத்தியாயமும் அடுத்து வரும் இரண்டும்தான். மூன்று தொகுதிகளாகப் பிரித்த அச்சுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் இரண்டாம் தொகுதியின் 11ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள், அதுதான் இது.

கெண்டில், ஹன்ஸ்ஃபோர்ட் பாதிரியார் வீடு. வீட்டில் எல்லோரும் ரோசிங்ஸ் மாளிகைக்குத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார்கள். கதாநாயகி எலிசபெத் மட்டும் தலைவலியால் போகாமல், அக்கா ஜேன் எழுதிய கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள். அக்காவை விரும்பிய பிங்லியை அவளிடமிருந்து பிரித்ததில் அவனுடைய பணக்கார நண்பன் டார்சிக்குப் பங்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாசல் மணி அடிக்கிறது, டார்சியின் உறவினர் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமாக இருக்கும் என்று நினைக்கிறாள், பார்த்தால் டார்சி. உடம்பு எப்படி இருக்கிறது என்று அவசரமாகக் கேட்கிறான், உட்காருகிறான், எழுந்து அறைக்குள் நடக்கிறான், சில நிமிஷம் பேச்சே இல்லை, அப்புறம் எவ்வளவோ போராடிப் பார்த்தும் முடியவில்லை என்று சட்டென ஆரம்பித்துத் தன் காதலைக் கொட்டிவிடுகிறான்.

ஆஸ்டினின் கைவேலை எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் சில வரிகளை மட்டும் அவன் வாயால் சொல்ல விட்டுவிட்டு, மீதியை அவரே சுருக்கிச் சொல்லிவிடுகிறார். காதலைப் பற்றி எவ்வளவு உருகிப் பேசினானோ, அவள் குடும்பம் தன் அந்தஸ்துக்குக் கீழே என்பதைப் பற்றியும் அதே அளவு பேசுகிறான். போதாததற்கு, அவள் சம்மதித்துவிடுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை, அது முகத்திலேயே தெரிகிறது. முதலில் அவன் படப்போகும் வேதனைக்காக இரக்கப்பட்டவளுக்கு இதைக் கேட்டதும் கோபம் ஏறுகிறது. நீங்கள் இன்னும் கண்ணியமாக நடந்துகொண்டிருந்தால் மறுப்பதற்குக் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பேன் என்று அவள் சொல்லும்போது அவன் ஒரு கணம் திடுக்கிடுகிறான். அந்த ஒரு வார்த்தை அவனை எவ்வளவு நாள் வாட்டியது என்பது 58ஆம் அத்தியாயத்தில்தான் தெரியும். 2005இல் வந்த படத்தில் இதை வெளியே மழையில் வைத்திருந்தார்கள், பார்க்க அழகுதான். ஆனால் நாவலில் இருவரும் ஒரு சின்ன அறைக்குள், அவன் கணப்படுப்பு மாடத்தில் சாய்ந்துகொண்டு முகம் வெளுத்து நிற்க, அவள் நேருக்கு நேர் பேசுகிற அந்த நெருக்கம் படத்தில் இல்லை.

அவள் சொல்வதில் பாதி சரி, பாதி முழுத் தப்பு. அவனுடைய கர்வமும், ஜேனுக்குச் செய்ததும் உண்மை. டார்சி தனக்கு அநியாயம் செய்துவிட்டதாக அவளிடம் முன்பு சொன்ன இளம் அதிகாரி விக்கம் விஷயத்தில் மட்டும் அடியோடு ஏமாந்திருக்கிறாள், அவள் கண் வழியாகவே கதையைப் பார்த்துவந்த நாமும் கூடவே ஏமாந்திருக்கிறோம். மறுநாள் டார்சி கொடுக்கும் கடிதம் இரண்டு தாள் முழுக்க நெருக்கி எழுதியது, உறையிலும் இடம் விடவில்லை. தனக்குச் சேர வேண்டிய பாதிரியார் பதவியை டார்சி தரவில்லை என்று விக்கம் புலம்பினானே, அந்தப் பதவியே வேண்டாம் என்று 3,000 பவுண்டு வாங்கிக்கொண்டவன் அவன். முதலில் எலிசபெத் நம்பவில்லை, இனி இதைத் தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள், அரை நிமிஷத்தில் மறுபடி பிரிக்கிறாள்.

மின்னூல் கைகொடுப்பது இங்கேதான். அவள் விக்கம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும்போது நீங்களும் 16ஆம் அத்தியாயத்துக்குப் போய்ப் பாருங்கள். அறிமுகமாகிச் சரியாகப் பழகக்கூட இல்லாத பெண்ணிடம் ஒருவன் தன் சொந்தக் கதை முழுவதையும் ஏன் சொல்ல வேண்டும்? டார்சிக்காக நான் ஒதுங்கிப் போக மாட்டேன் என்றவன் 18ஆம் அத்தியாயத்து நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? எல்லாம் நம் கண் முன்னாலேயே எழுதியிருக்கிறது, எதையும் ஒளிக்கவில்லை. ஒருவன் முகஸ்துதி செய்தான், இன்னொருவன் முதல் சந்திப்பிலேயே அலட்சியப்படுத்தினான், அதை வைத்தே இருவரையும் எடைபோட்டுவிட்டேன் என்று அவள் தன்னையே நொந்துகொள்வதைத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுப் படித்தால் இன்னும் அதிகமாக உறைக்கிறது.

இதில் அடிக்குறிப்புகள் கிடையாது. அந்தக் கால இங்கிலாந்தின் சொத்துரிமை, பாதிரியார் பதவி வழங்கும் உரிமை எல்லாம் புரியாவிட்டால் வேறு எங்காவது தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். லிப்ரிவாக்ஸில் இலவச ஒலிநூலும் உண்டு, ஆனால் இந்த மூன்று அத்தியாயத்துக்குப் புத்தகமே நல்லது, முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். பழைய கருவியில் படிப்பவர்கள் படங்கள் இல்லாத கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் படங்களோடு இருப்பதையே எடுங்கள், தாம்சன் வரைந்த முகங்களைப் பார்க்காமல் விடக்கூடாது.