உறை போடுவதா, அடியோடு மாற்றுவதா?

6வி6 என்ற வால்வு (கண்ணாடிக் குழல்) உள்ள பழைய அமெரிக்க ரேடியோ ஒன்றைத் திறந்தபோது, வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒயர்களின் ரப்பர் காப்பு அப்பளம்போல் நொறுங்கிக் கொட்டியது. துணி உறை மட்டும் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஒயர்மீதே சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டிவிடலாம். அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் மூடியைக் கழற்றி, சுருளுக்கு அருகிலேயே புது ஒயரை இணைக்கலாம். சுருளையே திரும்பச் சுற்றுவது, அது அறுந்துபோயிருந்தால் மட்டும்.

எந்த வழியானாலும் ஒயர்களை அடையாளம் காண வேண்டும். அந்நாளைய அமெரிக்க நிறக்குறியீட்டில் நீலம் வால்வின் பிளேட்டுக்கு (உள்ளிருக்கும் தகடு), சிவப்பு உயர் மின்னழுத்தத்துக்கு, கறுப்பும் பச்சையும் ஸ்பீக்கருக்கு. என்னுடையதில் நீலமும் கறுப்பும் ஒரே அழுக்கு நிறம். மல்டிமீட்டர் பிரித்துக் கொடுத்தது: வால்வுப் பக்க முதன்மைச் சுருள் சில நூறு ஓம், ஸ்பீக்கர் பக்கத் துணைச் சுருள் ஒரு ஓமுக்கும் குறைவு. வால்வு எதிர்பார்க்கும் 5000 ஓம் ஏசி சுமைக்கும் 3.2 ஓம் ஸ்பீக்கருக்கும் இரு சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதம் ஏறக்குறைய 40. முதன்மைச் சுருளுக்கு 12 வோல்ட் ஏசி கொடுத்தால் மறுபுறம் 0.3 வோல்ட் வர வேண்டும், வந்தது.

சோம்பேறித்தனத்தால் முதலில் குழாய்தான் மாட்டினேன். கால் மணி நேர வேலை, பார்வைக்கும் அழகு. இரண்டு வாரம் கழித்து ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வின் தகடு செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. அலறியடித்து அணைத்தேன். மூடியின் துளைக்கு உள்ளே, ஒயர் வளையும் இடத்தில், ரப்பர் உதிர்ந்து சிவப்பு ஒயரின் செம்பு இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகியிருந்தது. குழாய் துளையோடு நின்றுவிடுகிறது, ரப்பரின் வெடிப்பு நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும். அது கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

ஆகவே என் ஓட்டு மூடியைத் திறப்பதற்கே. அணைத்த பின்னும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் எதுவும் எஞ்சவில்லை என்று மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். சுருளைச் சுற்றியுள்ள காகிதத்தை மெல்லப் பிரித்தால் பழைய இணைப்பு தெரியும். அதைத் தொடாதீர்கள். முடிபோன்ற எனாமல் கம்பி ஒருமுறை அறுந்து உள்ளே போய்விட்டால் மீட்பது பெரும்பாடு. பழைய ஒயரில் அரை அங்குலத்தை விட்டுவைத்து, அந்தத் துண்டோடு புது ஒயரைப் பற்றவையுங்கள். சூடு மெல்லிய கம்பிவரை போகாது. இணைப்பின்மேல் காப்பு போட்டு, ஒயரைச் சுருளோடு பருத்தி நூலால் கட்டிவிட்டால், வெளியே யார் இழுத்தாலும் இழுவை முடிச்சோடு நின்றுவிடும். 600 வோல்ட் தாங்கும் சிலிக்கோன் காப்புள்ள ஒயர் போட்டேன். வால்வுச் சூட்டில் பிவிசி இளகும்.

ரப்பர் உள்ளேயும் நெகிழ்வாக இருந்தால் குழாயே போதும். தார் ஊற்றி அடைத்த வகையைப் பிரித்த அனுபவம் எனக்கில்லை. ஒயர் தாருக்குள்ளிருந்து நேரே வெளிவருவதால், அதற்குக் குழாய்தான் மாட்டுவேன்.