கடையா, கம்பெனியா, மெக்கானிக்கா?

என் லேப்டாப் மூடியைப் பாதி திறந்தால் திரை மினுக்கும், முழுதாகத் திறந்தால் ஒன்றும் தெரியாது. வாரண்டி பாக்கி இருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஜாப் ஷீட்டில் ஒரே வரி: 'பழுது எதுவும் இல்லை'. போதாக்குறைக்கு டிஸ்க்கையும் அழித்திருந்தார்கள்.

சர்வீஸ் சென்டரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அசல் பாகம் அங்கே கிடைக்கும், வாரண்டி இருந்தால் பெரும்பாலும் காசும் இல்லை. செத்துப்போன சாதனம் என்றால் அங்கே வேலை சுலபமாக முடியும். வந்து வந்து போகும் கோளாறுதான் அவர்களுக்கு ஆகாது. சோதனை மென்பொருளை ஓட்டுகிறார்கள், அது பாஸ் என்கிறது, பெட்டி மூடப்படுகிறது. உள்ளே ஈரம் பட்டால் சிவக்கும் சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அது சிவந்திருந்தால் பேச்சே கிடையாது, கோளாறு திரையில் இருந்தாலும் சரி, ஸ்பீக்கரில் இருந்தாலும் சரி.

வாங்கிய கடைக்காரர் என்ன செய்வார்? 'கம்பெனியைக் கேளுங்க' என்று கை காட்டுவார். ஆனால் எல்லா ஊரிலும் இப்படிக் கழன்றுகொள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 2 வருடத்துக்கு விற்றவரே பொறுப்பு. பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கோளாறான பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். அதனால் புதுப் பொருள் முதல் வாரமே மக்கர் செய்தால் நான் கடைக்குத்தான் போவேன். சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு அங்கேயே தீர்ந்துவிடும்.

நீட்டிப்பு வாரண்டியை விற்கும்போது இருக்கும் சிரிப்பு க்ளெய்ம் செய்யும்போது இருக்காது. பேட்டரி தேய்மானம் பெரும்பாலும் அதில் சேராது. நான் வாங்குவதில்லை.

வெளி மெக்கானிக்கிடம் ஒரு விஷயம் பிடிக்கும்: நாம் சொல்வதைக் கேட்பார். என் லேப்டாப் மூடியை ஒருவர் காதருகே வைத்து மெதுவாகத் திறந்து மூடினார். 'கீல் பக்கம் கேபிள் நசுங்குது சார்' என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கம்பெனி முழு போர்டையே மாற்றச் சொல்லும் இடத்தில், இவர் போன ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவார். பாகம் அசலா என்பது மட்டும் அவர் வாய் வார்த்தைதான்.

வெளியில் திறந்தால் வாரண்டி போய்விடுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் வருடச் சட்டம் ஒன்று, எங்கள் பாகத்தையே போடு, எங்களிடமே பழுது பார் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. 2018இல் ஆறு கம்பெனிகளுக்கு இது தொடர்பாக எச்சரிக்கைக் கடிதமும் போனது. அப்படிச் சட்டம் இல்லாத ஊரில், திறந்தால் வாரண்டி போகும் என்று ஒட்டியிருக்கும் சீல் ஸ்டிக்கரைக் கிழிக்க நான் துணியமாட்டேன்.

அன்றும் துணியவில்லை. மெக்கானிக் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, மூடி எந்தக் கோணத்தில் மினுக்குகிறது என்று வீடியோ எடுத்தேன். மறுபடியும் அதே கவுன்ட்டர். இந்த முறை ஜாப் ஷீட்டில் 'கீல் அருகே டிஸ்ப்ளே கேபிள்' என்று எழுதச் சொல்லி, எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் கேபிள் மாறி வந்தது. டிஸ்க்கை இந்த முறையும் அழித்திருந்தார்கள்.