காட்டு ஆரிகானோ: இலையா, எண்ணெயா, ஓமவல்லியா?

பீட்சாவில் தூவும் வாசனை இலைதான் ஆரிகானோ. 'காட்டு ஆரிகானோ எண்ணெய்' என்று சீட்டு ஒட்டிய சின்னக் குப்பியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். காட்டில் முளைத்த ஒரே காரணத்தால் ஒரு செடிக்கு மருந்துக் குணம் கூடிவிடுமா என்ன?

இந்தச் செடியின் அறிவியல் பெயர் ஆரிகானம் வல்காரே. அந்த ஒரே இனத்துக்குள்ளேயே வேறுபாடு பெரியது. கிரேக்கத்தின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஹிர்ட்டம் வகை வெள்ளைப் பூ பூக்கும். இலையைக் கசக்கினால் நெடி மூக்கைத் துளைக்கும். நாக்கில் வைத்தால் சுரீரென்று எரிந்து, பிறகு மரத்துப்போகும். காய்ந்த செடியில் பல சமயம் 2 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் தேறும். அதில் பெரும்பகுதி பெரும்பாலும் கார்வக்ரால், அதாவது அந்த நெடிக்குக் காரணமான, கிருமியைத் தாக்கும் பொருள். இங்கிலாந்து, ஜெர்மனிப் புல்வெளிகளில் தானாக வளரும் வல்காரே வகைக்கு இளஞ்சிவப்புப் பூ. பார்க்க இதுதான் அழகு. ஆனால் எண்ணெய் சொற்பம். கார்வக்ராலோ அதைவிடச் சொற்பம். இரண்டுமே காட்டுச் செடிகள்தாம்! ஹிர்ட்டத்தையும் பூக்கும் கோடையில் அறுக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் கார்வக்ரால் குறைந்து, பாரா-சைமீன் என்ற வேறொரு எண்ணெய்ப் பொருள் ஏறிவிடும். மெக்சிகோ ஆரிகானோ வேறு குடும்பத்துச் செடி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அடுத்து, இலையா எண்ணெயா? கார்வக்ரால் பாக்டீரியாவின் உறையைக் குலைக்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து, கிருமி ஆற்றல் இழந்து மடிகிறது. இது ஆய்வகத் தட்டில் நன்றாக நிரூபணமான செய்தி. மனிதர்களிடம் நடந்த தரமான ஆய்வுகளோ மிகக் குறைவு. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். செறிவான எண்ணெய் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இலையைத் தேநீராகப் போட்டால் கதையே வேறு. கார்வக்ரால் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆவியோடும் கொஞ்சம் போய்விடும். நன்றாகக் கரைவது ரோஸ்மாரினிக் அமிலம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் இது. ஆக, தேநீர் குடிப்பவரும் எண்ணெய் விழுங்குபவரும் ஒரே செடியிலிருந்து வெவ்வேறு சரக்கைத்தான் பெறுகிறார்கள். அன்றாடம் குடிக்க என்றால் என் வாக்கு தேநீருக்கே.

நம் தொட்டியில் வளரும் ஓமவல்லியும் இந்தப் போட்டியில் உண்டு. செடியைப் பொறுத்து அதன் எண்ணெயில் கார்வக்ரால் அல்லது அதன் நெருங்கிய உறவான தைமால் மிகுந்திருக்கும். ஓமத்தில் முதன்மையானது தைமால். கார்வக்ரால், தைமால் இரண்டின் மூலக்கூறுகளிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) ஒட்டியிருக்கும் இடம் மட்டும்தான் வேறு. தொண்டைக் கரகரப்புக்கு அந்தக் குப்பியைத் தேடி அலைவதைவிட இரண்டு ஓமவல்லி இலை போதும் என்பேன், செலவும் இல்லை. ஆனால் வாட்டிய ஆட்டிறைச்சியிலும் வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியிலும் தூவ வேண்டுமென்றால் ஓமவல்லி சரிப்படாது. சதைப்பற்றான அந்த இலையைக் காயவைத்தால் வாசம் பாதி போய்விடும். அங்கே கிரேக்கத்து ஹிர்ட்டத்துக்கு ஈடு இல்லை.